பாட்டு நினைவிருக்கிறது, பாடியவர் யார்?

விடியற்காலையில் உளுந்தூர்பேட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேநீர்க் கடையில் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல் ஒலிக்கிறது. குரலைக் கேட்டதுமே அவர் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். அவர் பாடிப் புகழ்பெற்ற பக்திப் பாடல்கள் பலவற்றை எழுதியவர் யார்? நீங்கள் நிற்கும் ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கிய உளுந்தூர்பேட்டை சண்முகம்தான்!

பாட்டு நெஞ்சில் நிற்க, அதைத் தந்தவர் பெயர் நழுவிப்போவது ஏன்? ஒரு செய்தியை நினைவில் வைத்திருப்பதும், அது யாரிடமிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்திருப்பதும் வெவ்வேறு வேலைகள் என்கின்றனர் உளவியலார். பின்னதற்கு 'மூல நினைவு' என்று பெயர். இரண்டில் இதுவே எளிதில் தேய்வது.

திரைப்படத்தில் இத்தேய்வுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. 1992-இல் வெளிவந்த 'ரோஜா'வில் கதாநாயகி அறிமுகமாகும் பாடலை நினைத்துப் பாருங்கள். மெட்டும் காட்சியும் உடனே வந்துவிடும். பாடிய மின்மினியின் பெயர் சற்றுத் தாமதித்தே வரும். அப்பாடலுக்காக அவருக்குத் தமிழக அரசின் விருது கிடைத்தது. பிறகு குரல் பாதிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பாடாமல் இருக்க நேர்ந்தது. வேறு படங்களிலும் பாடியவர்தாம். ஆயினும் 'ஒரே பாட்டில் புகழ்பெற்றவர்' என்றே பலரும் அவரைக் குறிப்பிடுகின்றனர்.

பாட்டு மட்டும் ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது? ஒரு காரணம், திரும்பத் திரும்பக் கேட்பது. முன்பின் அறியாத ஒன்றை அடிக்கடி எதிர்கொண்டாலே அதன்மேல் விருப்பம் வளர்கிறது என்பதை ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலறிஞர் 1968-இல் சோதனைகளால் காட்டினார். தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடலுக்கு இது நன்றாகவே பொருந்தும். 1999-இல் தொடங்கிய 'சித்தி' தொடரின் பாடலை வேண்டுமென்று தேடிக் கேட்டவர் எத்தனை பேர்? நாள்தோறும் அது வீட்டுக்குள் வந்தது; குழந்தைகள்கூட முணுமுணுத்தனர். மற்றொரு காரணம், பாட்டுடன் ஒரு காட்சியும் அப்போதைய நம் மனநிலையும் சேர்ந்து பதிவதாகும். பழைய பாட்டு ஒருவரின் சொந்த நினைவுகளைக் கிளறும்போது மூளையின் முன்பகுதியில், நெற்றிக்குப் பின்னே நடுவில் உள்ள பகுதி சுறுசுறுப்படைவதை 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் பெட்ர் ஜனாட்டா கண்டறிந்தார்.

எல்லாம் சரி, நல்ல பாட்டுத்தானே வெற்றி பெறும் என்று கேட்பீர்கள். இங்கேதான் வியப்பு இருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை ஏறத்தாழ 14,000 பேருக்கு இணையத்தின் வழியே கேட்கக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் பிறர் விருப்பம் அறியாமல் தேர்ந்தனர். மற்றவர்கள் தனித்தனியான எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டனர். அந்தந்த உலகில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்துக்கொண்டனர் என்பது அங்குள்ளோருக்குத் தெரியும். மிக நல்ல பாட்டு அடியோடு தோற்கவில்லை. மிக மோசமானது பெரிதாக வெல்லவும் இல்லை. நடுவில் உள்ளவற்றின் தலையெழுத்தோ உலகுக்கு உலகு மாறியது. தனித்துத் தேர்ந்தோரிடம் 26-ஆம் இடம் பெற்ற பாட்டு ஓர் உலகில் முதலிடம் பெற்றது. இன்னோர் உலகில் 40-ஆம் இடத்துக்குச் சரிந்தது! தொடக்கத்தில் சிலர் தற்செயலாக எடுத்ததே பெருகிப் பெருகி அலையாகிவிடுகிறது. முதல் தள்ளலைத் தருவதில் திரைப்படத்துக்கு நிகரான கருவி நம் நாட்டில் இல்லை.

மதுரையை அடுத்த பரவை முனியம்மாவைப் பாருங்கள். நெடுங்காலம் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடி வந்தவர். 2003-இல் 'தூள்' படத்தில் வித்யாசாகர் இசையில் அவர் பாடிய ஒரு பாட்டு தமிழ்நாடெங்கும் ஒலித்தது. நெடுங்காலப் பாட்டை மறந்து இவரை 'ஒரு பாட்டுக்காரர்' என்பது என்ன கணக்கோ! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்பாட்டில் திரையில் தோன்றிப் பாடியவரும் அவரே. பெயர் நிலைத்ததற்கு அதுவும் காரணம் என்றே எண்ணுகிறேன். பின்னர்ப் பல படங்களில் நடித்தார். எனினும் 2015-இல் நோயும் வறுமையும் வாட்ட, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா 6 இலட்சம் ரூபாயை வைப்புத்தொகையாக்கி மாத வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். 2020-இல் முனியம்மா காலமானார்.

அதே 2020-இல் அட்டப்பாடியின் இருளர் பெண்மணி நஞ்சியம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் தம் மொழியில் பாடினார், படத்திலும் தோன்றினார். அதற்காக 2022-இல் தேசிய விருது பெற்றார். முறையாக இசை பயிலாதவர் என்று சிலர் குறை கூறியதும் உண்டு.

புகழ் பாட்டுக்கு வருகிறது, பணம் யாருக்கு? இக்கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1972-இல் வந்த 'டெலிவரன்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் பாஞ்சோ, கிதார் என்ற இரு நரம்புக் கருவிகளின் போட்டியிசை ஒன்று வருகிறது. அடுத்த ஆண்டு அது அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. திரையில் பாஞ்சோ வாசிப்பதாகத் தோன்றும் சிறுவனுக்கு அதை வாசிக்கத் தெரியாது! இசையை ஆக்கிய ஆர்தர் ஸ்மித்தின் பெயரோ படத்தில் இல்லை. அவர் வழக்குத் தொடுத்து வென்றார். 1955-இலேயே அதை இசைத்தட்டாகப் பதிந்திருந்தது அவருக்கு வலுவான சான்றாயிற்று.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத் திருத்தம், தம் பாட்டு வணிக நோக்கில் பயன்படும்போது பாடகருக்கும் பங்குத்தொகை உண்டு என்றது. ஆனால் ஆக்கியவர் இன்னார் என்றே தெரியாத ஊர்ப் பாட்டுக்கு யார் உரிமை கோருவது? உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே, கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். நாளை ஒரு படக்குழு அங்கே சென்று ஒரு மூதாட்டியின் பாட்டை எடுத்துக்கொண்டால், அது முன்பே அவ்வூரில் வழங்கியது என்பதற்கு என்ன சான்று?

மாணவ நண்பர்கள் இதற்கு உதவலாம். உங்கள் ஊரில் பாடுவோரின் இசைவைப் பெற்றுப் பாட்டைக் கைப்பேசியில் பதியுங்கள். தொடக்கத்திலேயே பாடுபவர் தம் பெயரையும் ஊரையும், அன்றைய நாளையும், யாரிடம் கற்றார் என்பதையும் தம் வாயாலேயே சொல்லட்டும். பதிவின் ஒரு படியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.