பில் போடும் கணினி ஏன் திணறுகிறது?

மார்ச் கடைசி வாரம். ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கு அறையில் எட்டுக் கணினிகளிலும் பில் ஓடுகிறது. சேமிக்கக் கொடுத்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “அண்ணே, மறுபடி ஹேங் ஆயிடுச்சு” என்று ஒரு குரல். அடுத்த வாரமே முதலாளி கணக்காளர் மேசைக்குப் புதுக் கணினி வாங்கிப் போடுகிறார். வட்டம் மட்டும் நிற்கவில்லை.

நிற்காது. எட்டுப் பேர் எழுதுவதும் போய்ச் சேருவது மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஒரே சர்வரில். அதற்குள் இருப்பது பழைய ஹார்டு டிஸ்க் என்றால் சிக்கல் அங்கேதான். அதன் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சராசரியாக 12 மில்லி விநாடி. சிதறிக் கிடக்கும் தகவலை விநாடிக்குச் சுமார் 80 முறைதான் தொட முடியும். பில் நமக்கு ஒரு தாள். மென்பொருளுக்கோ சரக்கிருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, ஜிஎஸ்டி, பேரேடு என்று பல இடங்களில் எழுதும் வேலை. எட்டுப் பேர் சேர்ந்து கேட்டால் இந்த 80 எந்த மூலைக்கு?

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அங்கே காத்திருப்பு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். தகவல் ரேமிலேயே இருந்தால் அதைவிடவும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேகம்.

பெரிய நிறுவனங்களிலும் இதே நெரிசல் உண்டு. அவற்றுக்காக ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனம் 1992-ல் கொண்டுவந்த ஆர்/3 மென்பொருள் வேலையை மூன்று அடுக்காகப் பிரித்தது. திரை பயனரிடம், கணக்கிடும் வேலை நடுவில், தரவுத்தளம் தனியே. ஆள் கூடினால் நடு அடுக்கில் ஒரு சர்வரைச் சேர்க்கலாம். 2015-ல் வந்த எஸ்/4 ஹானாவோ தரவுத்தளத்தையே ரேமில் ஏற்றிவிட்டது. வன்பொருளை அளக்கவும் இந்நிறுவனத்திடம் ‘சாப்ஸ்’ என்றொரு அலகு உண்டு. மோட்டாருக்குக் குதிரைத்திறன் மாதிரி. மணிக்கு 2,000 ஆர்டர் வரிகளை முழுதாக முடித்தால் அது 100 சாப்ஸ். எத்தனை கோர், எத்தனை ஜிபி என்ற பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான்.

கடைக்கு இத்தனை ஆடம்பரம் தேவையில்லை. ஆனால் நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை பில் விழுகிறது என்று எண்ணாமல் சர்வர் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதுதான். எஸ்எஸ்டி, தாராளமாக ரேம், வைஃபைக்குப் பதில் கேபிள், கூடவே ஒரு யுபிஎஸ். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கணக்குக் கோப்பே சிதைந்துபோகலாம்.

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தகவலை எழுதி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால் இரண்டிலும்தான் அழியும். பேக்கப் தனியாக, வேறிடத்தில் இருக்க வேண்டும். கம்பெனிகள் மின்னணுக் கணக்குகளைத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் பேக்கப் எடுக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்டிலிருந்து விதியாகவே இருக்கிறது.

புது சர்வருக்கு விலை கேட்கும் முன், போன வார பேக்கப்பை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.