தெம்பனிஸைவிடச் சிறிய தீவு உலகக் கிண்ணத்துக்குப் போனது எப்படி?

“நாம் சின்ன நாடு. நமக்கெல்லாம் உலகக் கிண்ணம் எட்டுமா?” கோப்பிக் கடைகளில் காற்பந்துப் பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் முடியும்.

2025 நவம்பர் 18ஆம் தேதி, சிங்கப்பூர் அணி ஹாங்காங்கை அதன் மண்ணிலேயே 2-1 எனும் கோல் கணக்கில் வென்று ஆசியக் கிண்ணப் போட்டிக்கு முன்னேறியது. 1984ல் ஏற்று நடத்தும் நாடாகக் களமிறங்கிய நாம், தகுதிச் சுற்றில் வென்று அங்கு செல்வது இதுவே முதன்முறை. அணியை வழிநடத்தியவர், தெம்பனிஸ் ரோவர்ஸ் குழுவின் முன்னாள் பயிற்றுவிப்பாளர் கேவின் லீ.

அதே தேதியில் கரீபியத் தீவான குராசோ, உலகக் கிண்ணத்துக்கே தகுதிபெற்றது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 156,000 பேர். நம் தெம்பனிஸ் வட்டாரத்தில் வசிப்போர் அதைவிட அதிகம்!

அப்படியென்றால் ஒரு நாட்டைக் காற்பந்தில் உயர்த்துவது எது? மக்கள்தொகை, வருமானம், அனைத்துலகப் போட்டி அனுபவம் ஆகிய மூன்றையும் ‘சாக்கர்னாமிக்ஸ்’ நூலாசிரியர்கள் சைமன் கூப்பரும் ஸ்டெஃபன் ஷிமான்ஸ்கியும் முக்கியமாகக் குறிப்பிடுகின்றனர்.

மக்கள்தொகை மட்டும் போதாது. 140 கோடி மக்களைக் கொண்ட இந்தியா உலகக் கிண்ணத்தில் விளையாடியதே இல்லை. சீனா 2002ல் ஒரே ஒருமுறை தகுதிபெற்று, ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பியது. மாறாக, சுமார் 35 லட்சம் பேர் வாழும் உருகுவே 1930லும் 1950லும் கிண்ணத்தை வென்றது. சிங்கப்பூர்க் குடிமக்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

உருகுவேயில் ஆறேழு வயதிலேயே பிள்ளைகள் அக்கம்பக்கக் குழுக்களில் சேர்ந்து வாராவாரம் போட்டிகளில் விளையாடுகின்றனர். குளிர்நாடான ஐஸ்லாந்து, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு உள்ளரங்குத் திடல்களைக் கட்டியது. சிறுவர்களுக்கும் தகுதிச் சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர்களை அமர்த்தியது. பலன், 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை வீழ்த்திக் காலிறுதிக்குச் சென்றது. குராசோ வீரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து, அங்குப் பயிற்சி பெற்றவர்கள். இந்த மூன்று நாடுகளின் வீரர்களும் வலுவான எதிரணிகளுடன் அடிக்கடி மோதிப் பழகியவர்கள்.

நம் வரலாறும் அதையே சொல்கிறது. மலேசியக் கிண்ணக் காலத்தில் சிங்கப்பூர் அணிக்கு வாராவாரம் கடும் போட்டி இருந்தது. ஃபாண்டி அகமதும் வி. சுந்தரமூர்த்தியும் அந்தக் களத்தில் மிளிர்ந்தவர்கள். 1994ல் லீக் பட்டம், கிண்ணம் இரண்டையும் வென்றோம். 1998ல் ஹனோயில் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு வலைக்குள் சென்ற பந்து, ‘டைகர்’ கிண்ணத்தைப் பெற்றுத் தந்தது. ஆனால், 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெறும் ‘கோல் 2010’ திட்டம் கைகூடவில்லை.

இங்கே பணத்துக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். 12 வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. பிறகு சாதாரண நிலைத் தேர்வு. ஆண்களுக்கு 18 வயதையொட்டி ஈராண்டு தேசிய சேவை. மற்ற நாடுகளில் இளையர் நிபுணத்துவக் குழுக்களில் இடம்பிடிக்கும் வயது அது. தேர்வும் தேசிய சேவையும் நமக்குத் தேவைதான். அவற்றுக்கிடையே பயிற்சி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே சவால்.

2034 உலகக் கிண்ணக் கனவை முன்வைத்து, 2021ல் ‘அன்லீஷ் தி ரோர்’ திட்டம் தொடங்கியது. இன்று பத்து வயதில் இருக்கும் பையன் அப்போது தேசிய சேவை வயதில் இருப்பான். தேர்வு ஆண்டு வந்ததும் அவனது காலணிகளைப் பரணில் போட்டுவிடாமல், வாரத்துக்கு இரண்டு மாலைகளாவது திடலுக்கு அனுப்ப நாம் தயாரா? கோப்பிக் கடையில் இனி இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.