சரிந்து பாயும் அம்பும் யேர்மன் சட்டமும்

யேர்மனியில் வில் வாங்குவதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் அந்த வில்லால் மானுக்கு எய்வது குற்றம். ஏன் என்று பார்ப்போம்.

வேட்டை அம்பு, சவர அலகு போன்ற முனையால் வெட்டி, இரத்தப்போக்கினால் கொல்கிறது. மான் பக்கவாட்டில் நின்றால் இரண்டு நுரையீரல்களும் துளைபடும். எய்பவரை நோக்கிச் சரிவாக நின்றால் தோள் எலும்பு குறுக்கிடும். ஒரு நுரையீரல் மட்டுமே வெட்டுப்படலாம். அப்போது மான் காயத்தோடு ஓடி, நீண்டநேரம் துடிக்கும்.

வில்வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில், அலகுமுனைகளைச் சரித்து வைத்த பலகையில் எய்தும் சோதிக்கிறார்கள். பட்டதும் விரியும் முனையில் ஓர் அலகு முந்திப் பட்டால், அம்பு திசைமாறக்கூடும். விரியாத முனை அவ்வளவு திரும்பாது; ஆனாலும் எலும்பை அது விலக்கிவிடாது.

யேர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டம், 19ஆம் பிரிவு, மானுக்கு அம்பு எய்வதைத் தடுக்கிறது. காயப்பட்ட மானின் வேதனையை முடிப்பதற்குக்கூட அனுமதியில்லை. 'றே' எனப்படும் சிறுமானுக்கே, 100 மீற்றரில் குறைந்தது 1000 யூல் ஆற்றலுள்ள துப்பாக்கிக் குண்டு வேண்டும். உரிமையின்றி வேட்டையாடினால் குற்றவியல் சட்டம் 292ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது தண்டப்பணம்.

பிள்ளைகளுக்கு வில்லில் ஆசையென்றால் வில்வித்தைக் கழகத்தில் சேர்த்துவிடுங்கள். சில கழகங்களில் நுரைப்பொருளில் செய்த மான் உருவங்கள் இருக்கும். எந்தக் கோணத்திலும் எய்து பழகலாம். எந்த உயிரும் துடிக்காது.