தளம் நல்லாத்தான் இருக்கு... அப்புறம் ஏன் வீடு ஒழுகுது?

மழை நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஹால் சுவரின் மேல் மூலையில் மட்டும் ஈரம் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். மாடிக்குப் போய்ப் பார்த்தால் தளத்தில் ஒரு விரிசல்கூடத் தெரியாது. போன வருஷம்தான் மொட்டை மாடி முழுக்க வெள்ளை வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அப்புறம் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

பெற்றோர் கீழ்பென்னாத்தூரில், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ என்றிருக்கும் குடும்பங்களில், ஐப்பசி பிறந்ததும் வரும் போன் பெரும்பாலும் இதுதான்: "மறுபடியும் ஒழுகுதுப்பா." உடனே யூடியூபில் தேடி, இன்னொரு டப்பா பெயிண்ட் ஆர்டர் போடுவது வழக்கம். அடுத்த மழைக்கும் அதே மூலைதான் ஒழுகும்.

காரணம் எளிமையானது. ஓரளவு ஒழுங்காகக் கட்டிய வீட்டில் தண்ணீர் தளத்தின் நடுவில் இறங்குவது குறைவு. ஒரு பொருள் முடிந்து இன்னொரு பொருள் தொடங்கும் இடங்களில்தான் அது புகுகிறது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, கலர் ஷீட் சுவரைத் தொடும் கோடு, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் ஓட்டை, இரண்டு ஓட்டுக் கூரைகள் கூடும் பள்ளம் எல்லாமே இந்த ரகம். இந்தச் சேருமிடங்களை மூடி, தண்ணீரை வெளிப்பக்கம் திருப்பிவிடும் பட்டைக்குத்தான் 'ஃப்ளாஷிங்' என்று பெயர். ஷீட் கடைக்காரர்களுக்குப் பழகிய சொல் இது. வீட்டுக்காரர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

காற்று எந்தப் பக்கம், கசிவு எந்தப் பக்கம்?

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இந்த வட்டாரம் அதுவரை பார்க்காத மழையைப் பார்த்தது. கிழக்கே மயிலத்திலும் மேற்கே ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்சரிவில் 7 பேர் உயிரிழந்ததும் அப்போதுதான். 'ஒருநாளும் ஒழுகாத வீடு' என்று பெயரெடுத்த வீடுகளின் உண்மை நிலவரத்தையும் அந்த மழை காட்டிக்கொடுத்தது.

இந்த மாவட்டத்தில் இரண்டு விதமான மழை உண்டு. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடி மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்றோடு வந்து சுவரில் அறையும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் வந்தால் காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வீசும். எந்த மழைக்கு ஒழுகுகிறது என்று குறித்து வைத்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். மாலை இடி மழைக்கு மட்டும் ஒழுகினால் மேற்குப் பக்கச் சுவரையும் அதைத் தொடும் ஷீட்டையும் பார்க்க வேண்டும். காற்றே இல்லாமல் நாள் முழுக்கத் தூறினாலும் ஒழுகினால், எங்கோ தண்ணீர் தேங்குகிறது.

மூலை ஏன் விடுகிறது?

வெயிலில் கான்கிரீட் விரியும், இரவில் சுருங்கும். 10 மீட்டர் நீளத் தளத்தின் வெப்பம் 30 டிகிரி ஏறினால், அது ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். அதே நேரத்தில் அதன் மேல் நிற்கும் செங்கல் கைப்பிடிச் சுவர் அதே அளவு நீளாது. தினமும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் இரண்டு பொருட்களுக்கு நடுவே இருப்பது அரை அங்குல சிமெண்ட் பூச்சு மட்டும். அது விறைப்பானது, வளையத் தெரியாது. திருவண்ணாமலை வெயிலில் ஒரு கோடை தாண்டினாலே முடி போல ஒரு விரிசல் விழுந்துவிடும். மேலே பெயிண்ட் இருந்தால் அதுவும் சேர்ந்து கிழியும்.

அந்த முடி விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கீழே விழுவதில்லை. தளத்துக்குள் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஓடி, பல அடி தள்ளி சீலிங்கில் தலைகாட்டும். சில சமயம் ஒயர் போகும் குழாய்க்குள் புகுந்து ஃபேன் பாக்ஸ் வழியாகச் சொட்டும். அப்படிச் சொட்டினால், முதல் வேலை அந்த அறையின் எம்.சி.பி.யை இறக்குவதுதான், பக்கெட் வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நாள்பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் அடிப்பக்கக் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். தொட்டிலுக்கு மேலே, கட்டிலுக்கு மேலே காரை பெயர்ந்து விழுவது இப்படித்தான். மூன்று அங்குல மூலையை விட்டுவிட்டால் கடைசியில் செலவு தளத்துக்கே வந்து சேரும்.

தாத்தா காலத்து மூலையும், அரசு அளவும்

மரச் சட்டங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகள் திருவண்ணாமலைப் பக்கத்தில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. கடுக்காய், வெல்லத் தண்ணீர் ஊற்றி அரைத்த சுண்ணாம்புக் கலவை சிமெண்ட் அளவுக்கு விறைப்பதில்லை. சின்ன அசைவுகளைத் தாங்கிக்கொள்ளும். அதைவிட முக்கியம், தளம் சுவரைத் தொடும் இடத்தை அந்தக் கால கொத்தனார்கள் கூர்மூலையாக விடாமல், வளைவாகச் சுவரின் மேல் ஏற்றிவிட்டார்கள். வளைவில் தண்ணீர் தேங்காது. வழுக்கிக்கொண்டு வாட்டத்தைப் பார்த்துப் போய்விடும்.

இதையேதான் மத்திய பொதுப்பணித் துறையின் வேலை அட்டவணையும் சொல்கிறது. அதில் 'கோலா' என்று ஒரு தனி வேலை உண்டு. சுவரில் 75 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டி, 75-க்கு 75 மி.மீ. அளவில் சன்னஜல்லிக் கான்கிரீட்டை வைத்து, சிமெண்ட் கலவையால் பூசி முடிப்பது. மழைநீர்க் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் 45-க்கு 45 செ.மீ. அளவில் தாழ்வான கான்கிரீட் பள்ளம் அமைப்பதும் அதே அட்டவணையில் உள்ள இன்னொரு வேலை. புதிதாக வீடு கட்டுபவர்கள் இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிச் சேர்த்துவிடலாம். சொல்லாவிட்டால் மூலையில் கரண்டியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான் கிடைக்கும்.

தார் ஷீட் ஒட்டுகிறார்கள் என்றால், அது தளத்தோடு நின்றுவிடக் கூடாது. கைப்பிடிச் சுவரின் மேல் குறைந்தது 15 செ.மீ., அதாவது அரை அடி ஏற வேண்டும். அதன் மேல் முனை சுவரில் வெட்டிய காடிக்குள் செருகப்பட வேண்டும். முனை வெளியே தெரிந்தபடி ஒட்டியிருந்தால், இரண்டு கோடைக்குள் வாய் பிளக்கும்.

பலரும் மறக்கும் இன்னொரு இடம் கைப்பிடிச் சுவரின் தலை. அங்கே விழும் மழை செங்கலுக்குள் இறங்கி, உங்கள் வாட்டர் ப்ரூஃபிங்குக்கு அடியில் போய்விடும். சுவரின் தலையில் மாடிப் பக்கம் சற்றே சாய்வாக கிரானைட் பலகையோ கான்கிரீட் பட்டையோ பதித்து, இரு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீட்டி, நீட்டலின் அடிப்பக்கம் ஒரு கோடு பள்ளம் வெட்டிவிட வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்ட முடியாமல் தண்ணீர் சொட்டிவிடும். சன்ஷேட் அடிவிளிம்புக்கும் இதே வைத்தியம்தான்.

கலர் ஷீட், ஓடு, குழாய், சோலார்

கார் நிறுத்தவும் துணி காயவும் வீட்டையொட்டி கலர் ஷீட் இறக்காத வீடு இன்று குறைவு. ஷீட் சுவரைத் தொடும் இடத்தில் 'எல்' வடிவத் தகரப் பட்டையைச் சுவர்ப் பூச்சின் மேலேயே ஸ்க்ரூ போட்டு, மேல் விளிம்பில் சிலிகான் இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது வேலையே இல்லை. சுவரில் வழிந்து வரும் தண்ணீர் முழுக்க அந்த சிலிகான் கோட்டில்தான் மோதுகிறது. அது உரிந்த அன்றே பட்டைக்குப் பின்னால் அருவி.

சரியான முறையில், சுவரில் ஏறத்தாழ ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, பட்டையின் மேல் விளிம்பை உள்ளே மடித்துச் செருகி, அதற்குப் பிறகே அடைக்க வேண்டும். பட்டை சுவரில் அரை அடி ஏறி, ஷீட்டின் மேல் அரை அடி படர்ந்திருக்க வேண்டும். ஷீட் சாய்வாகப் பக்கச் சுவரை ஒட்டிப் போனால், ஒரே நீளப் பட்டைக்குப் பதில் துண்டு துண்டாக, மீன் செதில் மாதிரி மேல் துண்டு கீழ்த் துண்டை மூடும்படி படிப்படியாக வைப்பது நல்லது. எந்த வகையாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேலே இருப்பது கீழே இருப்பதன் மீது படிந்திருக்கிறதா, அடியில் போயிருக்கிறதா?

ஓட்டு வீடுகளில் ஆபத்தான இடம் கூடல்வாய், இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம். இரண்டு கூரைகளின் தண்ணீரும் அங்கேதான் ஓடும். அடியில் இருக்கும் தகரம் துருப்பிடித்தாலோ, வேப்பிலைச் சருகு அடைத்தாலோ தண்ணீர் ஓட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஏறிவிடும். மழைக்கு முன் அந்தச் சருகை வாரினாலே சில வீடுகளில் ஒழுகல் நின்றுவிடும். காசே செலவில்லாத ரிப்பேர் இது ஒன்றுதான்.

பி.வி.சி. குழாயும் சிமெண்டும் ஒட்டாது. குழாயைச் சுற்றி எத்தனை முறை சிமெண்ட் பால் ஊற்றினாலும் வட்டமாக ஒரு விரிசல் வந்தே தீரும். குழாயைச் சுற்றி மேடாகக் கலவை வைத்து, குழாயும் கலவையும் சேரும் வட்டத்தில் வளையக்கூடிய அடைப்பானையோ ரப்பர் காலரையோ போட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த ஓட்டை சோலார். 2024-ல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்பதால் ஊர்ப்பக்க மாடிகளிலும் பேனல் ஏறுகிறது. ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் தளத்தில் நான்கு போல்ட் போட்டால், பத்துக் காலுக்கு 40 ஓட்டை. தளத்திலிருந்து உயர்த்திய சிறு கான்கிரீட் மேடையில் கால்களை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். மேடைக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள மூலைக்கும் அதே வளைவு வேண்டும்.

எந்தத் தகரம், எந்தப் பசை?

வெளிநாட்டு வீடியோக்களில் ஈயம், செம்பு என்று காட்டுவார்கள். பிரிட்டனில் பழைய தேவாலயங்களின் ஈயப் பட்டையைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போவது அடிக்கடி வரும் செய்தி. ஆனால், 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருக்கும் தமிழ்நாட்டில், கூரைத் தண்ணீர் ஈயத்தைத் தொட்டுத் தொட்டிக்கு வருவது நல்லதல்ல. நமக்கு வண்ணம் பூசிய இரும்புத் தகரமும் அலுமினியமும் போதும்.

ஒரு எச்சரிக்கை: இந்தத் தகரங்களின் மேல்பூச்சில் இருக்கும் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் ஈரச் சிமெண்ட் அரிக்கும். காடிக்குள் போகும் விளிம்புக்கு முதலில் தார் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். கிரைண்டரில் ஷீட்டை மேலேயே வைத்து வெட்டினால் பறக்கும் இரும்புத் தூள் விழுந்த இடமெல்லாம் துருப் பொட்டு வைக்கும். கீழே வைத்து வெட்டச் சொல்ல வேண்டும்.

சிலிகான் டியூப் வாங்கும்போது கொஞ்சம் முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளிப்பு வாசனை வந்தால் அது கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும். சிமெண்ட், தகரத்துக்கு ஆகாது. மேலும் சிலிகான் மேல் பெயிண்டோ வேறு பசையோ பிடிக்காது, பின்னாடி வருகிறவர் அதைச் சுரண்டியே களைத்துவிடுவார். சிமெண்ட் மூலைகளுக்குப் பாலியூரித்தேன் வகை அடைப்பான் பொருத்தம்.

முதலில் கண்டுபிடி, அப்புறம் அடி

நல்ல வெயில் நாளில் ஹோஸ் பைப்பை எடுத்து, கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும். முதலில் தளத்தில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு மூலையில், பிறகு சுவரில், கடைசியாகச் சுவரின் தலையில். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. எந்தக் கட்டத்தில் ஈரம் காட்டுகிறதோ அங்கே நிறுத்தலாம். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, எது காரணம் என்றே தெரியாது.

வெளிக்குழாயை அடைத்துத் தளத்தில் தண்ணீர் கட்டிப் பார்ப்பதும் உண்டு. ஒரு அங்குலத் தண்ணீரே ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. கான்கிரீட் தளம் தாங்கும். கம்பி தெரியும் பழைய தளத்திலும் மரச் சட்டத்து மெட்ராஸ் டெரஸிலும் இதை முயற்சி செய்யவே கூடாது.

அப்புறம் கொட்டேஷன். வாட்டர் ப்ரூஃபிங் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. 25-க்கு 40 அடி வீட்டில் தளம் 1,000 சதுர அடி; கைப்பிடிச் சுவரோரம் சுற்றி வந்தால் 130 அடி. நேரம் பிடிக்கும் வேலை அந்த 130 அடியில். காசோ அந்த 1,000-க்கு. வேலை எங்கே மேலோட்டமாகும் என்று சொல்லத் தேவையில்லை. மூலை வேலையை 'ரன்னிங் அடி' கணக்கில் தனி வரியாக எழுதி வாங்கினால், கேட்கவும் உரிமை இருக்கும். வெளியூரில் இருப்பவர்கள் காடி வெட்டியதும் ஒரு போட்டோ, அடைப்பதற்கு முன் ஒரு போட்டோ என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம். பூசி முடித்த பிறகு எடுக்கும் படத்தில் எதுவும் தெரியாது.

இதற்கெல்லாம் ஏற்ற காலம் மாசி முதல் சித்திரை வரை. தளம் காய்ந்திருக்கும், விரிசல் அகலமாகத் தெரியும், கொத்தனாரும் கிடைப்பார். ஐப்பசியில் கூப்பிட்டால், ஊரே அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இப்போதே மழை பிடித்துவிட்டது என்றால் மூலையில் ஒரு தார்ப்பாயை விரித்து, சுவரின் தலைக்கு மேல் ஏற்றி வெளிப்பக்கம் தொங்கவிட்டு, மேலே செங்கல் வைத்துக் காற்றுக்குப் பறக்காமல் கட்டிவிட்டால் தை வரை ஓட்டலாம்.