சைலென்சர் மாட்டினா காது தப்பிச்சுடுமா?

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ண உட்கார்ந்தப்போ என் இடது காதுக்குள்ள மெல்லிசா ஒரு 'ஙொய்ங்' ஓடிட்டு இருந்தது. ஏசியை அணைச்சுட்டா இன்னும் நல்லாவே கேட்கும். அது எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன்.

நான் வேலை பார்க்கிறது டெக்சாஸில். எங்க டீமில் ஒருத்தர் மான் வேட்டைக்குப் போறவர். சீசனுக்கு முன்னாடி ரைஃபிளைச் சரிபார்க்க ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்க மட்டும்தான். எச்-1பி மாதிரி விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கி வெச்சிருக்கிறதே அமெரிக்காவின் மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான் உண்டு. அதனால நான் பின்னாடி பெஞ்சில் உட்கார்ந்துட்டேன்.

அவர் ரைஃபிள் முனையில் ஒரு சப்ரெஸர் இருந்தது. சுட்டார். நான் பயந்த அளவுக்குச் சத்தமே இல்லை. 'அட, இவ்வளவுதானா?'ன்னு இயர்மஃபில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு அவர்கிட்ட ஏதோ கேட்டேன். அதே நொடியில் பக்கத்து லேனில் ஒருத்தர் சுட்டார். அவர் துப்பாக்கியில் சப்ரெஸர் கிடையாது. இடது காதில் யாரோ ஓங்கி அறைஞ்ச மாதிரி இருந்தது. அப்புறம் பஞ்சு அடைச்ச மாதிரி ஆச்சு, அப்புறம் இந்த 'ஙொய்ங்'.

தப்பு முழுக்க என்னுடையது. சப்ரெஸர்னா என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு தெரியாம நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பேர்லயே ஆரம்பிக்கும் குழப்பம்

நம்ம ஊர்ல சைலென்சர்னா பைக்கில் இருக்கிற புகைக்குழாய். துப்பாக்கி சைலென்சரும் அதுவும் ஒரே யோசனையில் பிறந்தவைதான். ஹைரம் பெர்சி மேக்சிம்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் 1909இல் துப்பாக்கி சைலென்சருக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சின் சத்தத்தை அடக்கும் கருவிகளும் செஞ்சார். இன்னொரு சுவாரசியம்: மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடிச்சவர் இவரோட அப்பா. அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்த அவருக்குக் கடைசிக் காலத்தில் காது சரியா கேட்கலை.

மகன் தன் கருவிக்கு வெச்ச விற்பனைப் பேர் சைலென்சர். அது ஒட்டிக்கிச்சு, சினிமா அதை இன்னும் பெரிசாக்கிடுச்சு. ஹீரோ குழாயைத் திருகுவார், 'ப்சுக்'னு ஒரு சத்தம் வரும், பக்கத்து ரூமில் இருக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. நிஜத்தில் அப்படி இல்லை. பிரிட்டனில் வேட்டைக்காரங்க இதை 'மாடரேட்டர்'னு சொல்றாங்க, அதாவது சத்தத்தை மட்டுப்படுத்துவது. சரியான பேர் அதுதான்.

உள்ளே என்ன நடக்குது?

ஊதின பலூனை ஊசியால குத்தினா 'டப்'னு வெடிக்கும். அதே பலூனோட முடிச்சைத் தளர்த்தினா 'புஸ்ஸ்'னு போகும். காத்து ரெண்டுலயும் ஒண்ணுதான், வெளியேற எடுத்துக்கிற நேரம்தான் வேற. துப்பாக்கியில் குண்டுக்குப் பின்னாடி வரும் சூடான வாயு, குழல் முனையில் பலூன் வெடிக்கிற மாதிரி வெளியே வருது. சப்ரெஸருக்குள்ள வரிசையா தடுப்புத் தகடுகள் இருக்கும். வாயு அந்த அறைகளில் சுத்தி, விரிஞ்சு, சூடு குறைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா வெளியே போகும்.

ஆனா குண்டு? சாதாரண வெப்பநிலையில் ஒலியோட வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். மான் வேட்டை ரைஃபிள் குண்டு அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல வேகமாப் போகும். ஒலியை முந்திப் போறதால வழி நெடுக சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு 'சடீர்' எழும். அது முனையைத் தாண்டி, காத்துல உருவாகிற சத்தம். உலகத்திலேயே விலை கூடின சப்ரெஸராலயும் அதை ஒண்ணும் பண்ண முடியாது. ஒலியைவிட மெதுவாப் போகும் சப்சோனிக் தோட்டாவில் மட்டும்தான் அது இருக்காது.

இப்ப கணக்கு. சாதாரண ரைஃபிள் ஒண்ணு சுடும்போது உச்ச அளவு சுமார் 160 முதல் 170 டெசிபல். நல்ல சப்ரெஸர் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். 165இல் 30 போனா 135. 'என்னங்க, பெரிய மாற்றம் இல்லையே'ன்னு தோணும். டெசிபல் லாக் அளவு, அதை மறந்துடாதீங்க. 20 டெசிபல் குறைஞ்சா ஒலி அழுத்தம் பத்தில் ஒரு பங்காகும். 30 குறைஞ்சா சுமார் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நிஜமாவே பெரிய உதவி.

ஆனா அந்த 135ஐயும் அமைதின்னு சொல்ல முடியாது. திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல்தான் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி சொல்ற உச்ச எல்லை. சில கம்பெனி விளம்பரத்தில் 'காதுக்குப் பாதுகாப்பானது'ன்னு போட்டிருந்தா, அந்த எல்லைக்குக் கொஞ்சம் கீழே வருதுன்னு அர்த்தம். எத்தனை முறை சுட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் இல்லை. செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கின்னா காலித் தோட்டா வெளியேறும் வாய் வழியாகவும் வாயு பின்னாடி வரும். அது சுடுறவர் காதுக்குப் பக்கத்துலயே இருக்கு.

எதைத் தேர்ந்தெடுப்பாங்க?

நண்பர்கிட்ட அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது. முதல் கேள்வி காலிபர். பாயின்ட் 30 காலிபருக்கான சப்ரெஸரை, அதோட அழுத்த வரம்புக்குள்ள இருந்தா, 5.56 ரைஃபிளில் பயன்படுத்தலாம். சத்தம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். தலைகீழா மாட்டினா விபத்து. 5.56 குண்டோட விட்டம் சுமார் 5.7 மில்லிமீட்டர், பாயின்ட் 30 குண்டு 7.8. சின்ன ஓட்டையில் பெரிய குண்டு போனா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

ரெண்டாவது குழல் நீளம். குட்டைக் குழலில் வாயு இன்னும் அதிக அழுத்தத்தோட வெளியே வரும். அதனால எந்த நீளம் வரைக்கும் தாங்கும்னு தயாரிப்பாளர் சொல்றதைப் பார்த்துத்தான் வாங்கணும். மூணாவது எடை. காடு மேடு நடக்கிறவங்களுக்கு டைட்டானியம் வசதி; தொடர்ந்து நிறையச் சுடுறவங்க சூடு தாங்கும் ஸ்டீல், இன்கொனெல் பக்கம் போவாங்க.

நாலாவதுதான் மவுன்ட், அதாவது மாட்டும் முறை. நேரடி மரையில் திருகுறது ஒரு வகை: எளிமை, எடை குறைவு, ஆனா சுடச்சுடத் தளரலாம். அமெரிக்காவில் 5.56 ரைஃபிளுக்குப் பொதுவா 1/2-28 மரை, பாயின்ட் 30க்கு 5/8-24. முதல் எண் அங்குலத்தில் விட்டம், ரெண்டாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை. இன்னொரு வகை க்விக் டிட்டாச்: குழல் முனையில் ஒரு அடாப்டர் நிரந்தரமா இருக்கும், சப்ரெஸர் அதுமேல சட்டுனு பூட்டிக்கும். பல துப்பாக்கிக்கு ஒரே சப்ரெஸர்னா இது வசதி. எடையும் விலையும் கூடும், கரி படிஞ்சா இறுகிக்கும்.

எந்த வகையா இருந்தாலும் ஒரே விதி: குழலும் சப்ரெஸரும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். முடியளவு சாய்ஞ்சாலும் குண்டு உள்தகட்டில் உரசும். என் நண்பர் செய்ற வரிசை இது. முதல்ல மேகசினைக் கழட்டி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பார்ப்பார், ஏன்னா அடுத்து கை போகப் போறது குழல் முனைக்கு. மரையைத் துடைப்பார், திருகுவார், நேரான கம்பி ஒண்ணைக் குழலுக்குள்ள விட்டு அது ஓட்டையோட நடுவில் வருதான்னு பார்ப்பார். குறியும் திரும்பச் சரிபார்ப்பார், ஏன்னா முனையில் எடை ஏறினா குண்டு விழும் இடம் மாறும். நடுநடுவில் தளர்ந்திருக்கான்னு பார்ப்பார், தடிமனான கையுறையோட. சில ரவுண்டிலேயே வெறும் கையால தொட முடியாத அளவுக்குச் சுடும்.

சட்டம் பத்தி ஒரு வரி. 1934 முதல் அமெரிக்காவில் இதை வாங்க 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். ஆனா பதிவும் பின்னணிச் சோதனையும் அப்படியே இருக்கு. கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி சில மாநிலங்களில் பொதுமக்களுக்கு அனுமதியே இல்லை. இந்தியாவிலும் இது தடை செய்யப்பட்ட வகைதான்.

காதுக்கு வருவோம்

ரெண்டு நாள் கழிச்சும் சத்தம் நிக்காததால டாக்டர்கிட்ட போனேன். ஆடியோகிராமில் இடது காதுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். சத்தத்தால பாதிக்கப்பட்ட காதில் வழக்கமா வரும் அடையாளம் அதுதான். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள் பிறக்கும்போது எத்தனை இருக்கோ அத்தனைதான். செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. பேக்கப் கிடையாது.

நடைமுறையில் எனக்கு என்ன ஆச்சுன்னா, எபிசோட் எடிட் பண்ணும்போது 'ஸ' சத்தம் கூர்மையா குத்துதா இல்லையான்னு இடது காதை நம்பி முடிவெடுக்க முடியலை. ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக் கேட்கிறேன்.

அதனால ரேஞ்சுக்குப் போறவங்க, என்னை மாதிரி சும்மா பார்க்கப் போறவங்களும் சேர்த்துதான், காதுக்குள்ள ஃபோம் பிளக், அதுக்கு மேல இயர்மஃப், ரெண்டும் போடுங்க. பிளக்கை மெல்லிசா உருட்டி, மறு கையால காது மடலை மேலயும் பின்னாடியும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரைக்கும் அரை நிமிஷம் பிடிங்க. கண்ணாடி போடுறவங்க, தடிமனான ஃப்ரேம் மஃபைத் தூக்கி இடைவெளி விடுதான்னு பாருங்க. பேசணும்னா எலக்ட்ரானிக் மஃப் வாங்குங்க: பேச்சை உள்ளே விடும், வெடிச்சத்தத்தைக் குறைக்கும். இல்லைன்னா சுடும் இடத்தை விட்டு வெளியே வந்து பேசுங்க.

சப்ரெஸர் அது மாட்டியிருக்கிற துப்பாக்கிக்கு மட்டும்தான் வேலை செய்யும். பக்கத்து லேன்காரரோட துப்பாக்கிக்கு அது பொறுப்பில்லை. உங்க காதுக்கு நீங்கதான் பொறுப்பு.

எங்கேயாவது பெரிய சத்தம் கேட்டு காதில் ரீங்காரம் நிக்கலைன்னாலோ, அடைச்ச மாதிரியே இருந்தாலோ, 'தானா சரியாயிடும்'னு என்னை மாதிரி ரெண்டு நாள் காத்திருக்காதீங்க. உடனே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. இதை இப்ப ஹெட்ஃபோனில் கேட்டுட்டு இருந்தா, சவுண்டையும் ரெண்டு புள்ளி குறைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.