ஜார்ஜ்டவுனில் கழிவுநீர்க் குழாய்களை மேம்படுத்துவது ஏன் சுலபமல்ல?

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்று ஹோட்டலாக மாறினால் முகப்பின் வர்ணத்தைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். பின்சந்தில் மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயைப் பற்றிப் பேச ஆளில்லை. அந்தப் பின்சந்துகளில் பல, வாளிக் கழிப்பறைக் காலத்தில் மலம் அள்ளுவோர் வந்துபோக விடப்பட்டவை. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு நகரின் பல கடைவீடுகள் ஹோட்டலும் காப்பிக் கடையுமாகிவிட்டன. ஒரு குடும்பத்துக்குப் போதுமாக இருந்த குழாய், பத்து அறைக் குளியல் நீரைத் தாங்குமா?

திட்டமிடுவோர் இதை ஆள் கணக்கில் பார்க்கிறார்கள். மலேசிய விதிப்படி ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர். ஒரு வீட்டுக்கு 5 பேர். 400 வீடுகள் கொண்ட அடுக்குமாடி எழும்பினால், நாளுக்கு 4 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் கூடுதலாக வரும். ஆனால் எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில்தானே குளிக்கிறார்கள்! அதனால் இந்த அளவுள்ள குடியிருப்பின் குழாயைச் சராசரியைவிட நான்கு மடங்குக்கும் மேலான ஓட்டத்துக்குப் போட வேண்டும்.

நகரின் கழிவுநீர் ஜெலுத்தோங் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஒரே தொட்டியில் நீரை நிரப்பி, காற்றூட்டி, கசடைப் படியவிட்டு, மேலே தெளிந்ததை வெளியேற்றுகிறார்கள். நிலையத்தை விரிவாக்குவது ஒரு வேலை. அதைவிடச் சிக்கலானது குழாய் வேலை. குறுகிய தெருக்களில், பழைய சுவர்களின் ஓரத்தில் ஆழமாகத் தோண்ட முடியாது. முதலில் குழாய்க்குள் கேமரா விட்டு விரிசலைத் தேடுவார்கள். முடிந்த இடத்தில் தோண்டாமலே உள்ளே புது உறை பொருத்துவார்கள்.

மழைநீருக்கும் கழிவுநீருக்கும் இங்கே தனித்தனி வழி. கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிட்டால் அடைமழையன்று மேன்ஹோல் பொங்கும். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பல பழைய வீடுகளில் கழிப்பறை மட்டுமே குழாயில் சேரும். சமையலறைத் தண்ணீர் லொங்கானில் ஓடும். மீன் கழுவிய தண்ணீரும் கறிச்சட்டி எண்ணெயும் சுத்திகரிப்பைப் பார்க்காமலே கடலுக்குப் போகின்றன. சாப்பாட்டுக் கடைகளுக்கு எண்ணெய்ப் பொறி தேவைப்படுவது இதனால்தான். பொறியை வைத்துவிட்டுக் கழுவாமல் விட்டால் வைக்காததற்குச் சமம்.

இந்த வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? 1994இல் தொடங்கிய இண்டா வாட்டர், 2000இல் நிதியமைச்சின் கைக்கு வந்தது. சாதாரண வீடுகளுக்குப் பல ஆண்டுகளாக மாதக் கட்டணம் 8 வெள்ளியாகத்தான் இருந்தது. அதில் பழைய நகரத்துக் குழாய்களை மாற்றிவிட முடியாது. அரசு மானியம் தேவைப்படுகிறது.

தோட்டப்புறத்திலும் கம்போங்கிலும் குழாயே இல்லை, செப்டிக் தொட்டிதான். அங்கே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வந்து கசடை உறிஞ்ச வேண்டும். தொட்டி நிரம்பிவிட்டால் கசடு நீரோடு சேர்ந்து பக்கத்துக் கால்வாயில் இறங்கும். தொட்டியின் மூடி மேல் சிமெண்டு பூசி அடுப்படி கட்டிய வீடுகளில், லாரி வந்தாலும் குழாயை உள்ளே விட வழியிருக்காது.