எட்டுகிற தூரத்தில் மன வைத்தியம்

திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே, குளத்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில், இரவெல்லாம் உறங்காமல் தனக்குத்தானே பேசிக்கொண்டு உலாவும் மகனோடு தவிக்கும் ஒரு தாயிடம், அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பிரயாணச் செலவு, அன்றைய கூலி நஷ்டம், வழியில் அவன் இறங்கி ஓடிவிடுவானோ என்ற அச்சம், பஸ்ஸில் வருவோரின் பார்வை ஆகிய யாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்த இலவசத்துக்கு அவள் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. மனநோய்ச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வோர் முதலில் அளக்க வேண்டியது இந்தத் தூரத்தையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவ்விதம் அளந்து செய்யப்பட்ட நற்காரியம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனம், 2010-இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. நோயாளியும் உறவினரும் அதற்குள் ஏறித் திரைக்கு முன் அமர, சென்னையிலிருக்கும் மனநல வைத்தியர் அத்திரையில் தோன்றி அவர்களை விசாரிப்பார். அவர் எழுதிய மருந்து அந்த பஸ்ஸிலேயே காசின்றிக் கொடுக்கப்படும். நோயுற்றோரைத் தேடிக் கண்டுபிடிக்க உள்ளூர் ஊழியர்கள் இருந்தார்கள். சற்றுக் குணம் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் நோயில் விழுவது சித்தக் கலக்கத்தில் சகஜமாதலால், வைத்தியர் கிராமத்தை விட்டு அகலாதிருப்பது போன்ற இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இன்று கையிலுள்ள போனும் இந்தத் தூரத்தை ஓரளவு குறைக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வாட்டுவோருக்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகாவின் எண் 044-24640050. ஆனால் ஒருவர் விஷம் அருந்திவிட்டார் என்று தெரிந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதில் பொழுதைப் போக்காமல், அக்கணமே 108-ஐ அழைக்க வேண்டும்.

மது, போதைப் பழக்கத்துக்கு 14446 என்ற இலவச எண் உண்டு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஆகவே அவரை அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது அபாயம், வைத்தியரின் மேற்பார்வை அவசியம்.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து வீட்டிலேயே மறைப்போர் இன்னும் இருக்கிறார்கள். மறுதலையாக நிரூபிக்கப்பட்டாலன்றி, அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு தண்டிக்காமல் விட வேண்டும் என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழிருப்போர் அரசு மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை பெறுவதையும் அச்சட்டம் உரிமையாகவே வழங்கியிருக்கிறது.